கொடி கட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

போன ஆகஸ்டில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் தேசியக் கொடியைப் பொட்டலமாகக் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றை இரண்டு சுற்று சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார். அதன் மேலேயே இன்னொன்று.

"ரெண்டாவது எதுக்கு சார்?"

"ஏத்தும்போது பாதியில அவிழ்ந்துடக் கூடாதுல்ல சார்."

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானும் அச்சு அசலாக இதையேதான் சொன்னேன்.

காவி மேலே இருக்க வேண்டும், கிழிந்த கொடி கூடாது, தரையில் படக் கூடாது என்பதெல்லாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அவிழாத முடிச்சு

ஆகஸ்ட் 15-இல் கொடியைக் கீழிருந்து மேலே ஏற்றுவதும், ஜனவரி 26-இல் உச்சியில் கட்டி வைத்த கொடியை விரிப்பதும் தில்லி வழக்கம். நம் பள்ளிகளில் பெரும்பாலும் இரண்டு நாளுமே பொட்டலம்தான். உள்ளே பூ இதழ் வைக்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். இந்த இரண்டு விழாக்களிலும் விரிப்பதற்கு முன் இதழ் வைக்க விதியே இடம் கொடுக்கிறது. வேறு எதையும் கொடிக்குள் வைத்துக் கட்டக் கூடாது.

எனக்கு நடந்தது ஒரு குடியரசு தினத்தில். காலையில் அவசரம் வேண்டாமே என்று முந்தின நாள் சாயங்காலமே கட்டி உச்சிக்கு ஏற்றிவிட்டேன். இரட்டை முடிச்சு, பருத்திக் கயிறு. இரவெல்லாம் தை மாதப் பனி. கயிறு நனைந்து ஊறினால் முடிச்சு எப்படி இறுகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. காலையில் சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுத்தார். பொட்டலம் ஒரு ஆட்டம் ஆடியது, அவ்வளவுதான். அவர் இழுப்பதைப் பார்த்தவுடன் பிள்ளைகள் நாட்டுப்பண்ணைத் தொடங்கிவிட்டார்கள். எல்லோரும் அசையாமல் நிற்கிறோம், நானும்தான். 52 விநாடி அந்தப் பொட்டலத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். கை கால் அசைக்க வழியில்லை.

பாட்டு முடிந்ததும் நான் செய்ததுதான் பெரிய தவறு. கயிற்றை என் கையில் வாங்கி, ஆத்திரத்தோடு ஒரே இழுப்பு. கொடி விரிந்தது. ஆனால் கயிறு கோத்திருந்த ஓரம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது. கைதட்டல் வேறு.

இன்னும் எரிச்சலாக இருப்பது எதற்கென்றால், இது மிக எளிய வேலை. கொடியின் மேல்முனையிலிருந்து கப்பி வழியாக இறங்கும் கயிறு ஒன்று, கீழ்முனையிலிருந்து இறங்கும் கயிறு ஒன்று. கீழ்முனைக் கயிற்றால் பொட்டலத்தை ஒரே ஒரு சுற்று சுற்றுங்கள். அதே கயிற்றை மடித்து, அந்த மடிப்பை ஒரு காதாகச் சுற்றுக்குள் நுழையுங்கள். அவ்வளவே. தொங்கும் பக்கத்தை இழுத்தால் காது உருவிக்கொண்டு வரும். மேலே ஏற்றிய பிறகு மேல்முனைக் கயிற்றைக் கம்பத்தின் அடியில் இறுகக் கட்டிவிட வேண்டும். இதை மறந்தால் விருந்தினர் இழுக்கும்போது பொட்டலம் விரியாமல் முழுசாகக் கீழே வந்து நிற்கும். அதையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு முறை தாழ்வாக வைத்து இழுத்துப் பாருங்கள். அப்புறம் விழா நாள் காலையில் புதிதாகக் கட்டுங்கள். இதழ் ஒரு கைப்பிடி போதும், ஈரம் இல்லாமல். பூவைச் சரமாகவே உள்ளே திணிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அந்த நார் கயிற்றில் சிக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு சிக்கிக்கொண்டால்? இழுக்காதீர்கள். கொடியை நிதானமாக இறக்கி, பிரித்து, விரிந்த கொடியாகவே மறுபடி ஏற்றுங்கள். நாட்டுப்பண் காத்திருக்கட்டும். கொடி விரிந்ததைப் பார்த்து நீங்கள் கை காட்டிய பிறகுதான் பாட வேண்டும் என்று பாடும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

கம்பத்தின் உச்சியில் மாலை

வேண்டாம்.

செங்குத்தாகத் தொங்கவிடுவது

சுவரில் நெடுக்காகத் தொங்கவிடும்போது பாதிப் பேர் இடம் வலம் மாற்றிவிடுகிறார்கள். எதிரே நின்று பார்ப்பவருக்குக் காவி இடப்பக்கம் வர வேண்டும்.

மேடை

பேசுபவர் கூட்டத்தைப் பார்த்து நிற்கும்போது அவருடைய வலப்பக்கத்தில் கொடி. மேசை விரிப்பாக அல்ல.

அரைக்கம்பம்

நேராகப் பாதியில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். முதலில் உச்சி வரை ஏற்றி, பிறகுதான் பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும்போதும் உச்சியைத் தொட்டுவிட்டு வர வேண்டும்.

சட்டம் மாறியது தெரியாமல் சண்டை

"சூரியன் மறைஞ்சதும் இறக்கணும்", "கதர்க் கொடிதான் ஏத்தணும்" என்று இப்போதும் பக்கத்து வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்பவர்கள் உண்டு. 2002-இல் வந்த கொடி விதித்தொகுப்பைப் பின்னால் திருத்தியபோது இரண்டும் மாறிவிட்டன. 2021 டிசம்பரில் பாலியஸ்டர் கொடிக்கும் இயந்திரத்தில் செய்த கொடிக்கும் அனுமதி வந்தது. 2022 ஜூலை முதல் திறந்த வெளியிலும் பொதுமக்கள் வீட்டிலும் இரவு பகலாகப் பறக்கவிடலாம். அதற்காக நைந்து நூல் நூலாகும் வரை மொட்டை மாடியில் விட்டுவைக்கச் சொல்லவில்லை.

வாங்கும்போது வேறு இரண்டைப் பாருங்கள். நீளமும் உயரமும் 3:2 இருக்க வேண்டும். சக்கரத்தில் ஆரக்கால்கள் 24. எண்ணிப் பார்த்தே வாங்குங்கள். முட்டை வடிவச் சக்கரம் அச்சடித்த கொடியைக்கூட என் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார்கள்.

பழைய கொடி

நான் கிழித்த அந்தக் கொடியை என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு வருடம் விளையாட்டுப் பொருள் அறை பீரோவில், வலைப்பந்து வலைக்கு அடியில் மறைத்து வைத்திருந்தேன். தைக்கலாமா என்றுகூட யோசித்தேன். பழுதான கொடியைத் தனியிடத்தில், மரியாதையோடு, முழுசாக எரித்துவிடலாம் என்று பிறகு ஒரு மூத்த ஆசிரியர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளியில் யாரும் இல்லாத நேரத்தில், கட்டடத்துக்குப் பின்னால் போய் எரித்தேன். அந்த முடிச்சு அப்போதும் கயிற்றில் அப்படியேதான் இருந்தது.