பேனலிலிருந்து போர்டைப் பிரிக்கும்போது நேரும் தவறுகள்

பல சர்க்யூட் போர்டுகளை ஒரே பேனலாக வைத்து உதிரிபாகங்களைச் சால்டர் செய்துவிட்டு, கடைசியில்தான் அவற்றைத் தனித்தனியே பிரிக்கிறார்கள். அந்தக் கடைசிக் கட்டத்தில், நன்றாக வந்த போர்டைக் கையால் மடக்கி உடைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. போர்டு வளையும், அதன்மேல் ஒட்டியிருக்கும் பீங்கான் கெப்பாசிட்டருக்கு வளையத் தெரியாது. 1206 அளவும் (சுமார் 3.2 × 1.6 மி.மீ.) அதைவிடப் பெரியவையும் எளிதில் விரிசல் காண்கின்றன. சால்டர் முடியும் இடத்தில் அடிப்பக்கமாகத் தொடங்கும் விரிசல், ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் மேலேறி முனையின் உலோகப் பூச்சுக்குள் மறைந்துவிடுவதால், கண்ணுக்கும் தெரியாது, பெரும்பாலும் மின்சோதனையிலும் சிக்காது. சில மாதங்கள் கழித்து ஈரம் புகுந்து ஷார்ட் ஆகும்போது, பழி கெப்பாசிட்டர் தயாரித்தவர்மேல் விழுகிறது.

அந்தக் கெப்பாசிட்டரை வெட்டுக்கோட்டுக்குச் செங்குத்தாகவும் மிக அருகிலும் வைப்பது வடிவமைப்பாளரின் தவறு. கோட்டுக்கு இணையாக, 5 மி.மீ. தள்ளி வைத்தால் ஆபத்து வெகுவாகக் குறையும்.

வெட்டுக்கோட்டில் V வடிவப் பள்ளம் கீறப்பட்ட வி-குரூவ் போர்டுகளுக்கு உருளும் பிளேடு கருவி கையைவிட மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் 1.6 மி.மீ. போர்டில் குரூவின் அடியில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.5 மி.மீ. மட்டுமே மிஞ்சியிருக்க வேண்டும். அதைவிடத் தடிமனாக விட்டால் பிளேடு வெட்டுவதற்குப் பதிலாகப் பிளக்கத் தொடங்கும், மெலிதாக விட்டாலோ, சால்டரை உருக்கும் ரீஃப்ளோ அடுப்பின் சூட்டில் பேனலே தொய்ந்துபோகும். மழுங்கிய பிளேடும் பிளக்கத்தான் செய்யும்.

சுழலும் வெட்டுமுனையால் (பிட்) போர்டை அறுக்கும் ரவுட்டர் இயந்திரம் வைத்திருப்பவர்கள் பிட்டை அது முறியும்வரை ஓட்டுகிறார்கள். முனை தேய்ந்த பிட் போர்டை அதிரவைக்கும். ஆகவே வெட்டும் ஆழத்தை அவ்வப்போது மாற்றி, பிட்டின் தேயாத பகுதியைப் பயன்படுத்திக்கொண்டு, குறித்த நீளம் வெட்டியதும் மாற்றிவிட வேண்டும். போர்டுக்கு அடியில் அதைத் தாங்கிப் பிடிக்கும் சரியான ஜிக் இல்லாவிட்டால், போர்டைப் பேனலோடு இணைக்கும் கடைசிச் சிறு பாலம் (tab) அறுபடும் நொடியில் போர்டு தொங்கித் திருகிக்கொள்ளும். கண்ணாடி இழைத் தூசியை உறிஞ்சும் வேக்குவத்தை நிறுத்திவைப்பது நுரையீரலுக்கும் கேடு. சாதாரண பிரஷால் அதைத் துடைப்பதோ நிலைமின்சாரத்தை வரவழைப்பது.

லேசரால் வெட்டும்போது போர்டு வளைவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அவசரத்தில் சக்தியை ஏற்றினால் ஓரம் கருகும்.

புதிய போர்டு வரும்போது கெப்பாசிட்டருக்குப் பக்கத்தில் போர்டின் வளைவால் ஏற்படும் திரிபை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி, பிரிக்கும்போது அந்தத் திரிபு எவ்வளவு ஏறுகிறது என்று பதிவு செய்வதைப் பலர் செலவென்று தவிர்க்கிறார்கள். பிறகு ஐயம் வரும்போது கெப்பாசிட்டரைப் பிசினில் பதித்து, குறுக்காகத் தேய்த்து, நுண்ணோக்கியில் விரிசலைத் தேட வேண்டியிருக்கும். அதற்குள் போர்டுகள் வாடிக்கையாளரிடம் போயிருக்கும்.