மலாவியில் முதல் வாரம்: குறுகிய கால ஊழியத்துக்குச் செல்வோருக்கு

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவிக்கு இரண்டு மூன்று வார ஊழியமாகப் புறப்படும் குழுவினர் பெரும்பாலும் பிரசங்கக் குறிப்புகளையும் பாடல்களையுமே முதலில் ஆயத்தம் செய்கிறார்கள். ஆனால் அங்கே போய்வந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இறங்கிய முதல் சில நாள்களில் நாம் எப்படிப்பட்ட விருந்தாளியாக நடந்துகொள்கிறோம் என்பதைப் பொறுத்தே மீதி நாள்கள் அமையும். அந்த நாட்டு மக்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவர்கள். 1875-இல் மலாவி ஏரிக்கரையில் லிவிங்ஸ்டோனியா மிஷனும், அடுத்த ஆண்டில் பிளான்டயர் மிஷனும் தொடங்கின. அவற்றின் சபைகள் 1924-இல் இணைந்து மத்திய ஆப்பிரிக்க பிரஸ்பிட்டேரியன் சபையாயின. சுவிசேஷம் அறியாத இடத்துக்குப் போகிறோம் என்ற எண்ணத்துடன் போகிறவர்கள், தங்களைவிட அதிகமாக ஜெபிக்கும் மூதாட்டிகளின் முன்னால் முதல் நாளிலேயே தலைகுனிய நேரிடும்.

பயண ஏற்பாடுகளில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியிலிருந்து தொடங்குங்கள். நம் ஊரிலிருந்து தலைநகர் லிலோங்வே செல்வோர் பலரும் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகவே போகிறார்கள்; எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் அபாய நாடுகளின் பட்டியலில் உள்ளன. அங்கே விமானம் மாறக் காத்திருந்த நேரத்தைப் பற்றி மலாவியிலும் கேட்கலாம், இந்தியா திரும்பும்போதும் கேட்கலாம். சான்றிதழ் இல்லாதவரைத் தனிமைப்படுத்தி வைக்கும் அதிகாரம் நம் நாட்டுச் சுகாதார அதிகாரிகளுக்கு உண்டு. ஊசி போட்ட 10 நாள்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால், கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது. சென்னையில் கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் இதைப் போட்டுக்கொள்ளலாம். மலேரியாவுக்கு ஊசியை நம்பியிராமல் மாத்திரையையே நம்ப வேண்டும். அங்கே பரவுவது பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தான ஃபால்சிபாரம் வகை. குளோரோகுயின் அதற்குப் பலன் தராது. டாக்சிசைக்ளின், அடோவாகுவோன்–புரோகுவானில் போன்றவற்றில் எது உங்களுக்கு ஏற்றது என்பதை மருத்துவரிடம் கேட்டு, புறப்படுவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. மலாவி அரசின் மின்விசா தளத்தில் உங்கள் கடவுச்சீட்டுக்குரிய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வருகையின் நோக்கம் கேட்கப்படும் இடத்தில், ஊழியத்துக்குச் செல்பவர் சுற்றுலா என்று எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அழைக்கும் சபையின் கடிதத்தில் தங்கும் இடம், நாள்கள், பொறுப்பாளரின் தொலைபேசி எண் ஆகியவை இருக்கட்டும். மருத்துவ முகாம் நடத்த எண்ணினால் மாதக்கணக்கில் முன்னதாகவே தொடங்க வேண்டும்: வெளிநாட்டு மருத்துவர் அங்கே தற்காலிகப் பதிவு பெற வேண்டும், கொண்டுசெல்லும் மருந்துகளுக்கும் முன் அனுமதி வேண்டும். பெட்டி நிறைய மாத்திரைகளோடு போய்ச் சுங்கத்தில் நிற்பது, நம்மை அழைத்த போதகருக்கே தலைவலியாக முடியும்.

கமுசு விமான நிலையம் லிலோங்வே நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பகலில் இறங்கும்படி பயணச்சீட்டு எடுங்கள்; விளக்கில்லாத சாலைகளில் மனிதர்களும் மிதிவண்டிகளும் ஆடுகளும் நடமாடுவதால் இரவுப் பயணம் ஆபத்தானது. கசங்காத புதிய டாலர் நோட்டுகளைக் கொண்டுபோய், தேவைக்கு ஏற்ப மட்டும் அந்நாட்டுப் பணமான குவாச்சாவாக மாற்றிக்கொள்ளுங்கள். ஏர்டெல் அல்லது டி.என்.எம். சிம் அட்டையைக் கடவுச்சீட்டைக் காட்டிப் பதிவு செய்து வாங்கலாம். மின்செருகி பிரிட்டனில் உள்ளதைப் போன்று தட்டையான மூன்று முனைகள் கொண்டது. நம் ஊர்ச் செருகி அதில் நுழையாது. ஜூன், ஜூலை மாதங்களில் டெட்சா போன்ற மேட்டுநிலங்களில் இரவுக் குளிர் நம்மவர்களை நடுங்க வைக்கும். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்து ஸ்வெட்டர் எடுக்காமல் போனவர்கள் எங்கள் குழுவிலும் இருந்தார்கள்.

இனி, மனிதர்களைச் சந்திக்கும் முறை. இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். மலாவியில் வணக்கம் சொல்லாமல் எந்தப் பேச்சும் தொடங்காது. "முலி ப்வாஞ்சி?" என்று நலம் கேட்டால், "என்டிலி ப்வினோ, கயா இனு?" என்று நம் நலத்தைச் சொல்லி அவர்கள் நலத்தையும் கேட்க வேண்டும். "ஸிகோமோ" என்றால் நன்றி. வீட்டு வாசலில் நின்று "ஓடி!" என்று குரல் கொடுத்து, உள்ளிருந்து "ஓடினி" என்று பதில் வந்த பிறகே நுழைவார்கள். பொருளை வாங்கும்போது இரு கைகளாலும் வாங்குவதோ, இடக்கையால் வலது முழங்கையைத் தொட்டபடி வாங்குவதோ மரியாதை. கிராமத்தில் எந்தக் கூட்டத்துக்கும் முன்பு, ஊர்த்தலைவரான எம்ஃபூமுவைப் போதகருடன் சென்று பார்த்துவர வேண்டும். இந்தியர்களை "அம்வென்யே" என்று அழைப்பார்கள். அங்கே தலைமுறைகளாகக் கடை நடத்தும் இந்தியர்களை மனத்தில் வைத்தே நம்மையும் முதலில் எடைபோடுவார்கள் என்பதால், நம் பணிவு நம் வாய்ச்சொல்லுக்கு முன்பே பேச வேண்டும்.

பெண்கள் முழங்காலுக்குக் கீழே இறங்கும் உடை அணிவது கிராமச் சபைகளில் இன்றும் எதிர்பார்க்கப்படுகிறது. புடவையும் துப்பட்டாவுடன் கூடிய சுடிதாரும் நன்றாகவே ஏற்கப்படும். முதல் நாளே ஒரு சிதெஞ்சே துணி வாங்கி இடுப்பில் சுற்றிக்கொண்டால் அங்குள்ள சகோதரிகள் மனம் மகிழ்வார்கள்.

உணவு விஷயத்தில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. மக்காச்சோள மாவில் கிளறும் என்சிமா, நம் களியின் நெருங்கிய உறவு. சாப்பாட்டுக்கு முன் ஒருவர் குவளையும் பாத்திரமும் ஏந்தி வந்து ஒவ்வொருவர் கையிலும் நீர் ஊற்றுவார். சூடான என்சிமாவைக் கொஞ்சம் கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் குழித்து, கீரையையோ மீனையோ அதில் அள்ளி உண்பார்கள். நான் அப்படிக் கையால் உருட்டி உண்டதைப் பார்த்த அந்த வீட்டு அம்மா, அதன்பின் என்னை விருந்தாளியாக அல்லாமல் பிள்ளையாகவே நடத்தினார். உங்களுக்காக அறுக்கப்படும் கோழி அந்த வீட்டின் சேமிப்பு என்பதை நினைத்து, மறுக்காமல் நன்றியோடு உண்ணுங்கள். குடிநீரை மட்டும் கொதிக்கவைத்தோ புட்டியிலோ குடியுங்கள். ஏரியில் நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்ற புழுநோய் உண்டு என்பதால், கரையோரம் குளிக்க ஆசைப்படாதீர்கள்.

ஆராதனை சில மணி நேரம் நீளும். பாடகர் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடுவார்கள். காணிக்கையை ஆடிப்பாடிக்கொண்டு கொண்டுவருவார்கள். பிரசங்கம் அங்குள்ளோர் பேசும் சிச்செவா மொழியில் மொழிபெயர்க்கப்படும் என்பதால், ஒரு வாக்கியத்தை முழுமையாக முடித்துவிட்டு நிறுத்துங்கள். நம் ஊர்ச் சிலேடைகளை ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

வாக்குறுதி கொடுப்பதில் மிகவும் எச்சரிக்கை தேவை. "கிணறு வெட்டித் தருகிறோம்", "உன் படிப்புக்கு உதவுகிறேன்" என்று உருக்கத்தில் சொன்ன சொல்லை நாம் மறந்துவிடுவோம். கேட்டவர் வருடக்கணக்கில் காத்திருப்பார். உதவ விரும்பினால் அங்குள்ள சபையின் மூலமாக, போதகர் ஆலோசனைப்படி செய்யுங்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசுவதும், பெற்றோரைக் கேட்காமல் படமெடுத்து இணையத்தில் இடுவதும் வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளையின் கிழிந்த சட்டையை வழிப்போக்கர் ஒருவர் படமெடுத்தால் நாம் பொறுப்போமா?

ஊர் திரும்பிய பிறகும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்: டாக்சிசைக்ளின் என்றால் நான்கு வாரங்கள், அடோவாகுவோன்–புரோகுவானில் என்றால் ஏழு நாள்கள் தொடர வேண்டும். அடுத்த சில மாதங்களில் காய்ச்சல் வந்தால், அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருக்காமல், அன்றே மருத்துவமனைக்குச் சென்று, மலாவி போய்வந்ததை முதல் வாக்கியமாகச் சொல்லி இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.