மிச்சமான மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டில் சோதனை பீர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் பீர் காய்ச்சுபவர்களிடம் எப்போதும் கொஞ்சம் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த இனிப்புச் சாறு; பாகாகவோ பொடியாகவோ வரும்) மிஞ்சிக் கிடக்கும். ஒரு டப்பாவில் பாதிப் பாகு, ஒரு பையில் கால் கிலோ பொடி. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சோதனை பீர் போடலாமே என்று தோன்றும். போடலாம், எனக்குப் பிடித்த சில பீர்கள் அப்படி வந்தவைதான். கெட்டுப்போனவையும் உண்டு. அவற்றில் பாதிக்கு மேல், கையில் இருப்பது என்னவென்று பார்க்காமல் பானையில் கொட்டியதால் வந்த வினை.

முதலில் சுவைத்துப் பாருங்கள். ஒரு ஸ்பூன் பாகை வெந்நீரில் கரைத்து, ஆறவிட்டு, முகர்ந்து குடியுங்கள். பழைய பாகு கறுக்கும். அடர்நிற பீருக்கு அது பெரிய குறையில்லை. ஆனால் பேனா மை போலவோ நனைந்த அட்டை போலவோ வாடை வந்தால் அது நொதித்த பிறகும் போகாது, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களை அள்ளிப் போட்டும் மறைக்க முடியாது. மேலே பூஞ்சை படர்ந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்த வேண்டாம். டப்பாவோடு தூக்கி எறியுங்கள். பொடி ஈரம் இழுத்துக் கல்லாகியிருந்தால் அது வேறு விஷயம். வாடை நன்றாக இருந்தால் உடைத்துப் போடலாம்.

அடுத்த தவறு, பாகையும் பொடியையும் ஒரே கணக்கில் சேர்ப்பது. பாகில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். 1 லிட்டர் வொர்ட்டில் (இன்னும் நொதிக்காத மால்ட் கரைசல்) 100 கிராம் பாகு இருந்தால், தண்ணீர் 1.000 என்ற கணக்கில், அடர்த்தி சுமார் 1.030, அதே அளவு பொடி என்றால் 1.037 வரை போகும். உங்களிடம் 450 கிராம் பாகும் 280 கிராம் பொடியும் இருக்கிறதா? 5 லிட்டருக்கு 1.048 கிடைக்கும். நல்ல, நடுத்தர பீர். அதை 20 லிட்டராக்க ஆசைப்பட்டுச் சர்க்கரையைக் கொட்டினால் உடம்பே இல்லாத, தண்ணீர் போன்ற பீர்தான் மிஞ்சும். இருக்கும் எக்ஸ்ட்ராக்ட்டுக்கு ஏற்றபடி பீரின் அளவைக் குறையுங்கள். தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

லேபிளையும் படியுங்கள். பீர் காய்ச்சத் தயார்நிலையில் விற்கும் கிட் டப்பாக்களில் வரும் பாகில் பெரும்பாலும் ஹாப்ஸ் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அது தெரியாமல் வழக்கமான அளவு ஹாப்ஸ் போட்டால் கசப்பு நாக்கைப் பிடிக்கும். கடையில் விற்கும் மால்ட் பானப் பொடியும் எக்ஸ்ட்ராக்ட்டும் ஒன்றல்ல. பால் பொடி கலந்தது பீருக்கு ஆகாது.

பானை வேலையில் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பாகை ஊற்றும் முன் அடுப்பை அணையுங்கள். ஒருமுறை நான் அணைக்காமல் ஊற்றினேன். பாகு நேராக அடியில் போய் உட்கார்ந்தது. கரண்டியால் கிளறியபோது கறுப்புத் துணுக்குகள் மிதந்து வந்தன. அந்தத் தீய்ந்த வாசனை கடைசி பாட்டில் வரை இருந்தது. பொடியோ நீராவி பட்டதும் கட்டிகட்டியாகும். குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றினால் தொல்லையில்லை. வெளிர்நிறம் வேண்டுமென்றால் எக்ஸ்ட்ராக்ட்டின் பெரும்பகுதியைக் கொதியின் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கொதிக்கவைக்காமல் விடாதீர்கள், திறந்துவைத்த டப்பாவில் என்னென்ன குடியேறியிருக்கும் என்று சொல்ல முடியாது.

எக்ஸ்ட்ராக்ட் பழசு என்றால் ஈஸ்டாவது புதுசாக இருக்கட்டும். அப்புறம், அடர்நிற எக்ஸ்ட்ராக்ட் கலந்த பீரின் அடர்த்தி நொதிக்கும்போது இறங்காமல் 1.018 போல உயரத்திலேயே நின்றுவிடலாம். நின்றதா, மெதுவாக இறங்குகிறதா என்று குமிழியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே எண் காட்டிய பிறகே பாட்டிலில் அடையுங்கள். அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கும், கண்ணாடி தெறிக்கும்.

மிச்சம் 100 கிராம் பொடிதான் என்றால் பீருக்கு இழுக்க வேண்டாம். 1 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு ஈஸ்டைப் போட்டால், அடுத்த பீருக்கு அருமையான ஸ்டார்டர் (முன்கூட்டியே பெருக்கிவைத்த ஈஸ்ட் கரைசல்) தயார்.