பிரேக் சத்தமும் உதறலும்: ஸ்பேனரை எடுக்கும் முன் ஓட்டிப் பாருங்கள்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி மூட்டை இறக்குவதுதான் என் பிக்கப்புக்கு வேலை. 33 கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 1,500 மீட்டர் இறங்க வேண்டும். போன வருஷம் பிரேக் மிதித்தாலே ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் முன் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) இரண்டையும் லேத்தில் கடைந்து மாட்டினார்கள். ஆறே வாரத்தில் பழைய உதறல். மறுபடி கடைந்தோம், மறுபடி வந்தது. டிஸ்க்தான் தேய்ந்ததே தவிர, எதனால் இப்படி ஆகிறது என்று யாரும் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால் முதலில் காலி ரோட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் எப்போது வருகிறது என்பதை வைத்தே பாதி தெரிந்துவிடும்.

மழைக்கு மறுநாள் காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்கு மட்டும் கரகரத்தால் அது டிஸ்கில் பிடித்த மேல் துரு, தானே போய்விடும். கீச்சென்ற மெல்லிய சத்தம் விடாமல் வந்தால், டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேடு தேய்ந்து, அதிலுள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்கில் உரசுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பேடு 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். கறகறவென்று இரும்போடு இரும்பு தேய்கிற சத்தமா? அன்றைக்கு லோடு ஏற்றவே ஏற்றாதீர்கள். பிரேக்கைத் தொடாமலே ஊங்காரம் கேட்டு, வளைவில் அது கூடிக் குறைந்தால் வீல் பேரிங்கைப் பாருங்கள்.

உதறலுக்கு இன்னும் நிதானம் வேண்டும். பிரேக் மிதிக்காமலே உதறினால் டயர், வீல் பேலன்ஸ், ஷாஃப்ட் கிராஸ் (ஓட்டும் ஷாஃப்டின் இணைப்பு) இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் ஆடினால் முன் டிஸ்க். சீட்டும் பின்பக்கமும் அதிர்ந்தால் பின் சக்கரத்தின் பிரேக் டிரம். சந்தேகம் இருந்தால், பின்னால் வண்டி எதுவும் இல்லாத சமமான ரோட்டில் 30 வேகத்தில் ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அழுத்திப் பிடித்தபடி மெதுவாக இழுங்கள். ஹேண்ட் பிரேக் பின் டிரம்மை மட்டும்தான் பிடிக்கும். அப்போதும் அதிர்ந்தால் டிரம் வட்டம் போயிருக்கிறது, அல்லது ஆக்சில் சீல் கசிந்து லைனரில் (டிரம்மை உள்ளிருந்து பிடிக்கும் பட்டையில்) ஆயில் பட்டிருக்கிறது.

அப்புறம் சூடு. வழக்கம்போல் பிரேக் போட்டு ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, புறங்கையை ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகில் கொண்டுபோங்கள். தொட்டுவிடாதீர்கள். என் வண்டியில் வலது முன் சக்கரத்துக்கு அருகில் கை வைக்கவே முடியவில்லை, கருகல் வாடை வேறு. ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு கொடுத்து, பின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்துக் கழற்றினேன். வெளிப் பேடு 8 மில்லிமீட்டர் இருந்தது, உள் பேடு 2 கூட இல்லை. பேடுகளை டிஸ்கில் அழுத்தும் காலிபர் எந்தச் சிறு கம்பியில் நகர்கிறதோ, அந்தப் பின்னைக் கையால் தள்ளிப் பார்த்தால் அசையவில்லை. ரப்பர் உறை கிழிந்து உள்ளே தண்ணீர் போய், அந்தக் கம்பி முழுக்கச் செந்துரு. உள் பேடு டிஸ்கை விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தச் சூட்டில் எத்தனை முறை கடைந்தாலும் டிஸ்க் எப்படி நிற்கும்?

பின்னையும் உறையையும் மாற்றி, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவினேன். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைத்துவிடும். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் இருந்த துருவையும் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தமாக எடுத்தேன். அங்கே கொஞ்சம் துரு இருந்தாலும் டிஸ்க் கோணலாக உட்காரும். டிஸ்கின் குறைந்தபட்ச கனம் அதன் மேலேயே பொறித்திருக்கும். என்னுடையது அதற்கும் கீழே போயிருந்ததால் இரண்டு பக்கமும் புதிது போட்டேன். வீல் நட்டைக் குறுக்கும் நெடுக்குமாக, கை ஸ்பேனரால் இறுக முறுக்குங்கள்.

பிக்கப்காரர்கள் இன்னொன்றையும் பாருங்கள். அதிக லோடுக்காகப் பின்னால் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டிருக்கிறீர்களா? பின் ஆக்சில் மேலே லோடைப் பார்த்துப் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு பல பிக்கப்களில் உண்டு. பட்டை கூடினால் பின்பக்கம் தாழாது. வண்டி காலியாக இருப்பதாக எடுத்துக்கொண்டு வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும், முழுப் பாரமும் முன் டிஸ்கில் விழும். பட்டை போட்ட கையோடு அந்த வால்வையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.

புதுப் பேடு மாட்டிய அன்றே லோடோடு மலை இறங்க வேண்டாம். சமவெளியில் 60-லிருந்து 20 வரை மெதுவாகப் பிடித்து விட்டுப் பிடித்து, ஒரு பத்து தடவை ஓட்டுங்கள். பிறகு நிறுத்தி மறுபடி புறங்கையை வைத்துப் பாருங்கள். இரண்டு முன் சக்கரமும் ஒரே சூட்டில் இருந்தால் சரி, மூட்டை ஏற்றலாம்.