பழைய பிக்கப் வண்டியின் ஆக்சசரி சுவிட்ச்: பழுது பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாவியை ஆக்சசரி நிலைக்கு (எஞ்சின் ஓடாமலே ரேடியோ போன்றவற்றுக்கு மின்சாரம் தரும் நிலை) திருப்பியும் ரேடியோ பாடவில்லை, புளோயர் (உள்ளே காற்று வீசும் விசிறி) சுழலவில்லை, அல்லது சாவியைச் சற்று அசைத்துப் பிடித்தால் மட்டுமே அவை வேலை செய்கின்றன என்றால், பலர் உடனே புதிய சுவிட்ச் ஒன்றை வாங்கிப் பொருத்திவிடுகிறார்கள். சில மாதங்களில் அதே பழுது திரும்பி வந்தால், வாங்கிய பாகம் தரமற்றது என்று முடிவு கட்டுகிறார்கள். பழைய வண்டியில் கருகிய சுவிட்சைக் கண்டால், அதைக் கருக வைத்தது எது என்பதைத்தான் முதலில் தேட வேண்டும்.

அந்தத் தேடலைத் திசை திருப்பும் பெரிய தவறு, சுமையில்லாமல் மின்னழுத்தம் பார்ப்பது. கருவிகள் எதையும் ஓடவிடாமல், சுவிட்சிலிருந்து மின்சாரம் வெளிவரும் முனையில் மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு என்பதால், பாதி கருகிப்போன தொடுமுனைகூட அதற்குப் போதுமானதாக இருந்துவிடுகிறது. புளோயரை முழு வேகத்தில் ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையைச் சுவிட்சுக்குள் மின்சாரம் நுழையும் இடத்திலும் மறுமுனையை அது வெளியேறும் இடத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது காட்டும் அளவே சுவிட்சுக்குள் வீணாகும் மின்னழுத்தம். அது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் சுவிட்சை மாற்றக் காரணம் இருக்கிறது. இதே சோதனையைக் கனெக்டரின் இரு பக்கங்களிலும், பாடி எர்த் (வண்டியின் உடலோடு சேரும் நெகட்டிவ்) இணைப்பிலும் செய்யாமல் விடக் கூடாது, ஏனெனில் துருப்பிடித்த எர்த் போல்ட் ஒன்று சுவிட்ச் பழுதின் எல்லா அறிகுறிகளையும் அப்படியே காட்டக்கூடியது. இவை எல்லாவற்றுக்கும் முன்பாகப் பேட்டரியைப் பாருங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்பதற்காகக் கூடுதல் ஆம்பியர் ஃபியூஸைப் போடுவது ஆபத்தானது. ஃபியூஸ் காப்பது வயரை; அந்த வயரின் தடிமனைக் கணக்கிட்டுத்தான் அதன் அளவு வைக்கப்பட்டிருக்கிறது. 15 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 ஆம்பியரைப் போட்டால், அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதிலாக டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வயர் உருகும்.

எனினும் மிகுதியாகக் கவனிக்கப்படாமல் போவது கனெக்டர்தான். சுவிட்சை மட்டும் மாற்றிவிட்டு, நிறம் மாறி, ஓரம் உருகிய பழைய கனெக்டரையே மறுபடி செருகுவது, பழுதைப் புதிய சுவிட்சுக்கும் கொடுப்பதாகும். வெப்பத்தில் ஒருமுறை பிடிப்பிழந்த பித்தளை டெர்மினல் மீண்டும் இறுகிப் பிடிக்காது. அங்கே மின்தடை வெறும் 0.05 ஓம் இருக்கிறது என்று கொள்வோம். 20 ஆம்பியர் ஓடும்போது 1 வோல்ட் வீணாகி, 20 வாட் வெப்பமாக மாறுகிறது. ஒரு சிறிய சால்டரிங் அயர்னைக் கனெக்டருக்குள் வைத்து மூடியதைப் போன்ற வெப்பம் அது. ஆகவே வயரை அதன் நல்ல செம்பு தெரியும் இடம்வரை வெட்டி, அதே தடிமனுள்ள வயரோடு வரும் புதிய கனெக்டரை முறையாகக் கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் வைத்து அழுத்தி) இணைத்து, சூட்டில் சுருங்கும் உறையால் மூட வேண்டும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு அதிர்வில் தளர்ந்துவிடும்.

கனெக்டர் ஏன் சூடானது என்ற கேள்வியையும் விட்டுவிடலாகாது. புஷ் (மோட்டாரின் தண்டைத் தாங்கும் வளையம்) வறண்டு இறுகிச் சுழலும் பழைய புளோயர் மோட்டார், புதிதாக இருந்தபோது இழுத்ததைவிடக் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். இடையில் யாரோ பொருத்திய கூடுதல் விளக்குகளும் ஆம்பிளிஃபையரும் அதே ஆக்சசரி வயரில் தொங்கிக்கொண்டிருக்கலாம். அவற்றை ரிலேவுக்கு (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) மாற்றுவதே முறை: ஆக்சசரி வயர் 86-ஆம் முனைக்கும், எர்த் 85-க்கும், பேட்டரிக்கு அருகிலேயே தனி ஃபியூஸ் வைத்த வயர் 30-க்கும், கருவிக்குச் செல்வது 87-க்கும் போக வேண்டும். ரிலேவின் சுருள் பொதுவாக 0.2 ஆம்பியர் அளவே எடுத்துக்கொள்வதால், சுவிட்சின் பாரம் வெகுவாகக் குறைகிறது.

துருவைக் கரைக்கும் எண்ணெய் ஸ்பிரேயைச் சுவிட்சுக்குள் அடிப்பதும் வேண்டாம். எண்ணெய்ப் படலம் தூசியைச் சேர்க்கும். எச்சம் விடாத கான்டாக்ட் கிளீனரே இதற்கு உரியது. உப்புத்தாளால் தேய்த்தால் தொடுமுனையின் மேற்பூச்சு போய்விடும்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றாமல் சுவிட்சையோ கனெக்டரையோ மாற்றும் வேலையில் கை வைக்கவே கூடாது. சாவி அணைந்திருந்தாலும் இக்னிஷன் சுவிட்சுக்கு வரும் தடித்த வயர்களில் மின்சாரம் எப்போதும் இருக்கும். 1996-இல் ஃபோர்டு நிறுவனம், உட்புற ஷார்ட் சர்க்யூட்டால் தீப்பிடிக்கக்கூடிய இக்னிஷன் சுவிட்சுகளை மாற்றுவதற்காகப் பல லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஆகவே சாவி அணைந்த நிலையிலும் சுவிட்ச் சூடாக இருந்தால், பழுது தீரும்வரை பேட்டரியை இணைக்கவே வேண்டாம். ஸ்டீயரிங்கில் ஏர்பேக் உள்ள வண்டியானால், பேட்டரியைக் கழற்றியபின் சர்வீஸ் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து தொடங்க வேண்டும்.

பல பழைய பிக்கப்களில் சாவித் துளைக்கும் மின் சுவிட்சுக்கும் இடையே ஒரு நீண்ட கம்பி ஓடுகிறது. சுவிட்சின் திருகுத் துளைகள் நீளவாட்டில் இருப்பது, இடத்தைச் சரிசெய்வதற்காகவே. அதைக் கவனிக்காமல் இறுக்கிவிட்டால், சாவி ஒரு நிலையிலும் சுவிட்ச் இன்னொரு நிலையிலும் நிற்கும். ஆக்சசரி வேலை செய்யாது, அல்லது ஸ்டார்ட்டர் விடுபடாமல் ஓடிக்கொண்டேயிருக்கும். திருகுகளை இறுக்கியபின் ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே சோதித்து, எஞ்சினை ஓடவிட்டுப் புளோயரை முழு வேகத்தில் கால் மணி நேரம் இயக்கிய பிறகு கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். கையில் சூடு தெரிந்தால், மூடியைப் பூட்டாமல் மின்னழுத்த இழப்பை மறுபடி அளக்க வேண்டும்.