சிங்கப்பூர் டூ நியூயார்க்: தூரம், நேரம் பார்க்கும்போது எல்லாரும் பண்ற தப்பு

சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல இருந்து நியூயார்க் ஜேஎஃப்கே ஏர்போர்ட்டுக்கு நேர் தூரம் 15,349 கிலோமீட்டர், டிக்கெட்ல பதினெட்டரை மணி நேரத்துக்கு மேலயே போட்டிருப்பாங்க, ரொம்ப தூரம் போற ஃபிளைட்ல வர்ற குழப்பம் மொத்தமும் இந்த ஒரு ரூட்லயே இருக்கு, அதனால இதையே எடுத்துக்குறேன்.

முதல் தப்பு, கிளம்புற டைமையும் இறங்குற டைமையும் அப்படியே கழிக்கிறது. திங்கள் ராத்திரி 11.30க்கு சிங்கப்பூர்ல ஏறினா கோடைகாலத்துல செவ்வாய் காலைல 6 மணிக்கு நியூயார்க், பார்த்தா ஆறரை மணி நேரம் மாதிரி தெரியும், ஆனா அங்க கடிகாரம் 12 மணி நேரம் பின்னாடி இருக்கு. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் அதுவே 13 மணி நேரம், அமெரிக்காக்காரங்க கடிகாரத்த மாத்துவாங்க, சிங்கப்பூர்ல மாத்த மாட்டாங்க. திரும்பி வர்றப்போ இன்னும் கவனமா இருங்க. திங்கள் ராத்திரி 10.30க்கு நியூயார்க்ல ஏறினா சிங்கப்பூர் வந்து இறங்குறது புதன் விடியக்காலை, செவ்வாய்க்கிழமை முழுசா வானத்துலயே போயிடும், ஹோட்டலயும் அழைக்க வர்றவங்களையும் செவ்வாய்க்கு சொல்லி வச்சா எல்லாருக்கும் கஷ்டம்.

அடுத்தது, தூரத்த 900ஆல வகுத்து 17 மணி நேரம்னு முடிவு பண்றது. டிக்கெட்ல இருக்குறது கேட்ல இருந்து கேட் வரைக்கும் ஆகுற நேரம், ரன்வேக்கு ஊர்ந்து போறதும் அதுல சேர்த்திதான். அதோட ஃபிளைட் நேர் தூரத்துல போறதே இல்ல, இந்த ரெண்டு ஊருக்கும் குறுக்கு வழி வட துருவத்துக்கு பக்கத்துல போகுது (தட்டையான மேப்ல ஸ்கேல் வச்சா தெரியாது, உலக உருண்டைல நூல் பிடிச்சு பாருங்க), ஆனா சிங்கப்பூர்ல இருந்து போறப்போ பெரும்பாலும் ஜப்பான் பக்கமா பசிபிக் தாண்டித்தான் போறாங்க, மேற்குல இருந்து கிழக்க அடிக்கிற ஜெட் ஸ்ட்ரீம் காத்து பின்னாடி இருந்து தள்ளும்ங்குறதால கிலோமீட்டர் கூடினாலும் லாபம். அந்த காத்தோட பலத்த லேசா நினைக்காதீங்க, நியூயார்க்ல இருந்து லண்டனுக்கு வழக்கமா ஏழு மணி நேரம் ஆகும், 2020 பிப்ரவரில புயல் நேரத்துல ஒரு ஃபிளைட் 4 மணி 56 நிமிஷத்துல போய் சேர்ந்துச்சு.

பழைய பதிவுல இருக்குற நேரத்தையும் நம்பாதீங்க. 2022ல ரஷ்யா வான்வெளி ஐரோப்பா ஏர்லைன்ஸ்க்கு மூடினதும் ஹெல்சின்கி டூ டோக்கியோ ஒன்பதரை மணி நேரமா இருந்தது 13 மணி நேரத்துக்கிட்ட ஆயிடுச்சு, ஊருக்கு ஊர் தூரம் அதேதான்.

மைலா நாட்டிகல் மைலான்னும் (கப்பல், ஃபிளைட்டுக்கு வச்சுக்குற மைல், சாதா மைல விட பெருசு) பாருங்க, 9,537 மைல், 8,288 நாட்டிகல் மைல் ரெண்டுமே அதே 15,349 கிலோமீட்டர்தான்.

அப்புறம் நியூயார்க்னு தேடினா நெவார்க் ஏர்போர்ட்டும் சேர்ந்து வரும், சிங்கப்பூர்ல இருந்து ரெண்டுக்கும் தூரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா ஜேஎஃப்கேல இறங்கி நெவார்க்ல அடுத்த ஃபிளைட் பிடிக்கணும்னா இமிக்ரேஷன் முடிச்சு பெட்டிய எடுத்துக்கிட்டு ஊரையே தாண்டி ரோட்டுல போகணும், டிராஃபிக் இருந்தா அதுக்கே ரெண்டு மணி நேரம் ஆகலாம், அதனால புக் பண்றதுக்கு முன்னாடி ஏர்போர்ட் பேர ஒருதடவை நல்லா படிச்சுடுங்க.