பழைய மோசின் நாகாந்த் வாங்கும் முன்

அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கி சேகரிப்பவர்கள் பலர் சோவியத் ராணுவத்தின் மோசின் நாகாந்த் 91/30 என்ற நீள் துப்பாக்கியில்தான் தொடங்குகிறார்கள். விற்பவர் முதலில் சொல்வது, "எல்லா எண்ணும் ஒத்துப்போகிறது" என்பதுதான்; அதாவது ஒவ்வொரு உறுப்பிலும் ஒரே வரிசை எண் இருக்கிறதாம். உடனே மயங்கிவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் பட்டறைகள் இவற்றைப் பிரித்துச் செப்பனிட்டு, கிடைத்த உறுப்புகளைக் கோத்து, பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணைப் பொறித்தன. போல்ட்டிலும் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உறுப்பு) பின்கட்டைத் தகட்டிலும் கோடு கிழித்த எண் தெரிந்தால் அது செப்பனிட்டதுதான். வாங்கக் கூடாது என்றில்லை. மாற்றப்படாத அசல் துப்பாக்கிக்கான விலை கொடுக்காதீர்கள், அவ்வளவே.

குழல்மேல் நட்சத்திரம் இருந்தால் துலா ஆலை. முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் இஷெவ்ஸ்க். சதுரத்துக்குள் 'எஸ்ஏ' முத்திரை கண்டால் கொஞ்சம் நிதானியுங்கள்: அது பின்லாந்து ராணுவத்தின் கையில் இருந்த துப்பாக்கி. சேகரிப்போர் அதற்குக் கூடுதலாகவே தருவார்கள்.

வெளிப்பூச்சு பளபளப்பதைவிடக் குழலின் உட்புறம் முக்கியம். விளக்கொளியில் வரிப்பள்ளங்கள் (தோட்டாவைச் சுழலவைக்கும் உள்வரிகள்) கூர்மையாகத் தெரிய வேண்டும். சுடும் எண்ணம் இருந்தால், முதலில் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். பழைய தோட்டாவின் பிரைமர், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் பகுதி, குழலைத் துருப்பிடிக்க வைக்கும் உப்பை விட்டுச் செல்லும். எண்ணெய் அதைக் கரைக்காது. அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய் தடவுங்கள்.

50 ஆண்டு கடந்த துப்பாக்கிகளுக்கான சேகரிப்பாளர் உரிமம் 3 ஆண்டுக்கு 30 டாலர்தான். மாநிலச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.